செங்குத்துச் சரிவில், மரங்களுக்கு நடுவே வீடு: ஸ்க்ரூ பைல் அடித்தளத்தை நம்பலாமா?

மரங்கள் அடர்ந்த செங்குத்தான சரிவில் வீடு கட்டும்போது வரைபடத்தில் முதலில் வந்து உட்காருவது கண்ணாடிச் சுவரும் பள்ளத்தாக்கை நோக்கி நீளும் பால்கனியும்தான். ஆனால் வீட்டின் வடிவம், எடை, அறைகளின் வரிசை என எல்லாவற்றையும் கடைசியில் தீர்மானிப்பது அது தரையில் எப்படி நிற்கிறது என்பதே. சரிவை வெட்டி, எடுத்த மண்ணை முன்னால் கொட்டிச் சமன் செய்யலாம். சரிவோடு படிப்படியாக இறங்கும் தளங்களாகக் கட்டலாம். இல்லையென்றால் தரையைத் தொடாமல் தூண்களின் மேல் நிறுத்தலாம். இந்த மூன்றாவது வழிக்கென்று விற்கப்படும் பொருள்தான், மண்ணுக்குள் திருகி இறக்கும் எஃகுத் தூணான ஸ்க்ரூ பைல். பொறியாளர்கள் ஹெலிகல் பைல் என்பார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீடு மரச் சட்டகமோ ஸ்டீல் சட்டகமோ கொண்ட எடை குறைந்த கட்டடமாக இருந்து, சுற்றியுள்ள மரங்கள் பிழைக்க வேண்டும் என்றால், இந்த அடித்தளத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அது நன்றாகச் சுமப்பது மேலிருந்து கீழே வரும் பாரத்தை மட்டும்தான். பக்கவாட்டு விசையையும் சரிவின் நகர்வையும் தண்ணீரையும் தனியாகக் கவனிக்க வேண்டும். விற்பனைக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. இந்தப் பைல்களில் நிற்கும் வீடுகளுக்கு வரும் சிக்கல்களில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பொருள் என்ன?

பொருள் புதிதல்ல. அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் முகத்துவாரத்தில், மேப்ளின் மணல்திட்டுக் கலங்கரை விளக்கத்துக்காக 1838இல் இரும்புத் திருகுகள் சேற்றுமணலில் இறக்கப்பட்டன. இன்று வீடுகளுக்கு வருவது எஃகுக் குழாய் அல்லது திண்மமான சதுரக் கம்பி. அதன் அடிமுனையில் 200 முதல் 350 மிமீ விட்டமுள்ள சுருள் தகடுகள் ஒன்றோ இரண்டோ மூன்றோ பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்றுக்குத் தகடு ஏறும் உயரம், அதாவது பிட்ச், வழக்கமாக 75 மிமீ. தகடுகளுக்கு இடையிலான தூரம் கீழ்த்தகட்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு. வீட்டு வேலையில் அதிகம் பார்ப்பது 73 மிமீ, 89 மிமீ வெளிவிட்டக் குழாய்களும் 38 மிமீ சதுரக் கம்பியும். தகடு உள்ள அடித்துண்டு முதலில் இறங்கும். அதன் தலையில் கப்ளிங்கும் போல்ட்டும் போட்டு எக்ஸ்டென்ஷன் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

சரிவில் நிற்கும் வீட்டுக்குச் சதுரக் கம்பியைவிடக் குழாயே நல்லது. சதுரக் கம்பி கடினமான மண்ணில் எளிதாக இறங்கும், இழுவிசைக்கும் சிறந்தது. ஆனால் மெலிந்தது. மேல்மண் தளர்வாக இருந்தால் அமுக்கத்தில் வளைந்துவிடும். அதன் கப்ளிங்குகளில் இருக்கும் சிறு இடைவெளியும் பாரம் ஏறும்போது உட்கார்ந்து, சில மில்லிமீட்டர் இறக்கமாக மேலே தெரியும்.

வெட்டி நிரப்புவது ஏன் இங்கே எடுபடாது?

30 டிகிரிச் சரிவில், சரிவுத் திசையில் 9 மீட்டர் அகலமுள்ள வீட்டை வையுங்கள். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே தரை 5.2 மீட்டர் இறங்கியிருக்கும். பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினால் மேலே 2.6 மீட்டர் வெட்டு, கீழே 2.6 மீட்டர் நிரப்பு. கொட்டிய மண்ணின் ஓரத்தை வழக்கப்படி 1க்கு 2 என்று, அதாவது சுமார் 27 டிகிரியில் விட்டால், 30 டிகிரியில் இறங்கும் இயற்கைத் தரையை அது எங்கேயும் சந்திக்காது. நிரப்பு முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும். ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாங்குசுவர்கள் கட்டாயம். வெட்டிய பக்கம் மரங்களின் வேர் அறுபடும். நிரப்பிய பக்கம் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் மெல்லப் பட்டுப்போகும். ஸ்க்ரூ பைல் இறக்க மண்ணை எடுக்கவே தேவையில்லை. காட்டுச் சரிவில் இதன் உண்மையான மதிப்பு இதுதான்.

இறக்கும் வேலையும் டார்க் கணக்கும்

மரத்தில் திருகாணி இறக்குவது போலத்தான். 3 முதல் 5 டன் மினி எக்ஸ்கவேட்டரின் கைமுனையில் ஹைட்ராலிக் மோட்டாரை மாட்டி, கீழ்நோக்கி அழுத்தம் கொடுத்தபடியே திருகுவார்கள். இயந்திரம் நுழைய முடியாத இடத்துக்கு ஆட்கள் தூக்கிச் செல்லும் சிறிய மோட்டார் உண்டு. அதற்கு எதிர்விசை தாங்கும் நீண்ட கம்பியை ஏதாவது உறுதியான ஒன்றில் முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஏதாவது ஒரு மரமாக இருக்கக் கூடாது. பட்டை நசுங்கிய மரம் பிறகு நோய்ப்படும்.

இந்தப் பொருளின் பெரிய பலம், இறக்கும்போதே அதன் தாங்குதிறன் தெரிந்துவிடுவது. திருகத் தேவைப்படும் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, ஓர் எண்ணால் பெருக்கினால் உச்சத் தாங்குதிறன் கிடைக்கும். அந்த எண் 38 மிமீ சதுரக் கம்பிக்கு மீட்டருக்கு 33, 73 மிமீ குழாய்க்கு 30, 89 மிமீ குழாய்க்கு 23. குழாய் தடிக்கத் தடிக்க எண் குறைகிறது. தடித்த குழாயின் பக்கங்கள் மண்ணோடு உரசுவதிலேயே டார்க்கின் ஒரு பகுதி போய்விடுவதுதான் காரணம். கிடைத்த உச்ச அளவை 2ஆல் வகுத்தால் அனுமதிக்கத்தக்க பாரம்.

73 மிமீ குழாய், 300 மிமீ தகடு கொண்ட ஒரு பைலின் பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 0.9 மீட்டர் ஆழத்தில் 0.8 கிலோநியூட்டன் மீட்டர், 1.8இல் 1.5, 2.7இல் 2.6, 3.6இல் 4.4, 3.9இல் 5.8, 4.2இல் 6.1, 4.5இல் 6.3. கடைசி மூன்று அளவுகளின் சராசரி 6.07. அதை 30ஆல் பெருக்கினால் 182 கிலோநியூட்டன், பாதி 91 (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை). சீராக ஏறி, கடைசி 900 மிமீயில் நிலைத்து நிற்கும் இப்படிப்பட்ட பதிவுதான் நல்ல பதிவு. நிறுத்தும் இடத்தில் ஓர் அளவை மட்டும் பார்த்துவிட்டு ‘வந்துவிட்டது’ என்று மோட்டாரை அணைப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பதிவு: 1.8 மீட்டரில் 1.5 இருந்தது, 2.1இல் திடீரென்று 7. கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அங்கே தகடு முட்டிக்கொண்டிருப்பது பாறாங்கல்லில். இதைக் கண்டுபிடிக்க டார்க்கோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். 75 மிமீ பிட்ச்சுக்கு ஒரு சுற்றில் குறைந்தது 60 மிமீயாவது இறங்க வேண்டும். 20 மிமீதான் இறங்குகிறது என்றால் தகடு மண்ணைக் கடிக்காமல் அதே இடத்தில் சுற்றிக் குழப்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெருக்கல் கணக்கு அங்கே செல்லாது. அதேபோல, பைலைத் திருப்பிச் சுற்றி மேலே எடுத்துவிட்டு மறுபடி அதே ஆழத்தில் நிறுத்தினால் குலைந்த மண்ணில் நிற்கும். பழைய ஆழத்தைத் தாண்டி, தகட்டு விட்டத்தைப் போல மூன்று மடங்காவது கீழே போக வேண்டும்.

கல் நிறைந்த சரிவு இந்தப் பொருளுக்கு ஒத்துவராது. உருண்டைக் கற்கள் பைலைத் திசைதிருப்பும், தகட்டின் விளிம்பை மடக்கும். ஒன்றிரண்டு கற்கள் என்றால் பைலின் இடத்தை நகர்த்தி, மேலே வரும் பீமை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பாதிப் பைல்கள் முட்டினால், துளையிட்டுப் பாறையில் கிரவுட் (சிமெண்ட் குழம்பு) செலுத்தி நிறுத்தும் மைக்ரோபைலுக்கு மாறுவதே அறிவு. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே இரண்டு மூன்று சோதனைப் பைல்களை நிலத்தின் வெவ்வேறு மூலைகளில் இறக்கிப் பார்த்துவிட்டால் இந்தச் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வீட்டின் எடை

தூண்களை 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் கட்டத்தில் வைத்தால் நடுத்தூண் ஒன்றின் பங்கு 10.8 சதுர மீட்டர். மரத்தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 1.2, பயன்பாட்டுப் பாரம் 2 கிலோநியூட்டன் என்று எடுத்தால் இரண்டு தளங்களுக்கு 69 கிலோநியூட்டன், கூரைக்கு 16. மொத்தம் 85. மேலே பார்த்த 91ஐத் தாண்டவில்லை. அதே வீட்டை 150 மிமீ கான்கிரீட் தளங்களோடு கட்டினால் தளம், பூச்சு, தடுப்புச்சுவர், பயன்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தளத்துக்கே 84 கிலோநியூட்டன் வந்துவிடும். கான்கிரீட் கூரையும் பீம்களும் செங்கல் சுவரும் சேர்ந்தால் தூணுக்கு 250ஐத் தாண்டும். ஒரு தூணுக்கு மூன்று நான்கு பைல்கள், தலையில் பெரிய கான்கிரீட் தொப்பி, அதற்கு மண்ணைத் தோண்டுதல் என்று போய், பைல் வாங்கியதன் பயனே போய்விடும். கான்கிரீட் வீடுதான் வேண்டும் என்பவர்கள் துளைத்து வார்க்கும் பைலுக்குப் போவதே சரி.

வீட்டின் நீளப்பக்கத்தைச் சமஉயரக் கோட்டை ஒட்டி வைத்து, சரிவுத் திசையில் அகலத்தைக் குறையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மேல்சரிவு ஓரத்தில், முடிந்தால் வீட்டை விட்டு விலக்கித் தரையிலேயே வையுங்கள். 2,000 லிட்டர் என்பது 20 கிலோநியூட்டன், அது முன்பால்கனித் தூணுக்கு வரவே கூடாது.

பக்கவாட்டு விசை: பொருளின் பலவீனம்

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரமுள்ள முகப்பில் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் காற்று என்றால் 72 கிலோநியூட்டன் தள்ளுவிசை. 12 பைல்கள் பகிர்ந்தால் தலைக்கு 6. பைல் தரைக்கு மேல் 2 மீட்டர் நீட்டிக்கொண்டு தனியாக நின்றால் தரைமட்டத்தில் வளைவுத் திருப்புமை, அதாவது குழாயை வளைக்கும் விளைவு, 12 கிலோநியூட்டன் மீட்டர். 5 மிமீ சுவருள்ள 73 மிமீ குழாய் தாங்குவது ஏறத்தாழ 4 முதல் 5 வரைதான். கணக்கு கிட்டவே வரவில்லை. பைல் குழாயையே அப்படியே நீட்டித் தூணாக்கிவிடும் வரைபடத்தைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

சரியான அமைப்பில் பைல் தரைமட்டத்தோடு முடிந்துவிடும். தலைகளை ஸ்டீல் அல்லது கான்கிரீட்டால் ஆன கிரேடு பீம், அதாவது தரைமட்ட உத்தரம், இரு திசைகளிலும் கட்டும். தூண்கள் அதன் மேலிருந்து கிளம்பி, குறுக்குக் கம்பிகளால் பிணைக்கப்படும். பக்கவாட்டு விசையை மண்ணுக்குள் கொண்டுபோகச் சாய்த்து இறக்கிய பைல்களோ, மேல்சரிவுக்குள் திருகிய இழு நங்கூரங்களோ வேண்டும். அதே சுருள் தகட்டுப் பைலை நங்கூரமாகவும் பயன்படுத்தலாம், அந்த வேலையில் அது அருமையாக நிற்கும்.

நிலநடுக்கப் பகுதியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மேல்சரிவில் தூண் குட்டை, கீழ்சரிவில் நெட்டை. குட்டைத் தூண்கள் விறைப்பானவை, ஆகவே விசையில் பெரும்பங்கு அவற்றுக்கே போகும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சரிவுகளில் தூண்மேல் நின்ற வீடுகள் சில இடிந்து விழுந்தன. தளச்சட்டம் மேல்சரிவு அஸ்திவாரத்திலிருந்து பிய்த்துக்கொண்டதே அங்கே முக்கியமாகக் கண்ட குறை. தளத்தை மேல்சரிவு அஸ்திவாரத்தோடு இழுவிசைக்கும் சேர்த்துக் கட்டும் இணைப்பு, உங்கள் வரைபடத்தில் தனி விவரப்படமாக இருக்க வேண்டும்.

சரிவே நகர்ந்தால்?

பைல் வீட்டைத் தாங்கும், மலையைத் தாங்காது. மரங்களின் அடிப்பகுதி கீழ்நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால் மேல்மண் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கக்கூடும். வில்போன்ற விரிசல்கள், கோடையிலும் கசியும் ஈரம், நடுச்சரிவில் மேடும் பள்ளமுமான நிலம் ஆகியவை இன்னும் கடுமையான எச்சரிக்கைகள். மண்ணைச் சோதிக்க இடும் துளைகளான போர்ஹோல்கள் நகரக்கூடிய அடுக்கைத் தாண்டிக் கீழே போக வேண்டும். எல்லாத் தகடுகளும் சாத்தியமான வழுக்குப் பரப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். டார்க் மேலேயே கிடைத்துவிட்டாலும் குறைந்தபட்ச ஆழத்தைத் தொடாமல் நிறுத்தக் கூடாது. சரிவின் நிலைத்தன்மைக்குப் பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசை அதைக் கீழே தள்ளும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பது, 1.5 ஆக இருப்பது வழக்கமான எதிர்பார்ப்பு. மண் அறிக்கையில் அந்த எண்ணே இல்லையென்றால் அந்த அறிக்கை முழுமையில்லை.

மரங்களும் இந்தக் கணக்கில் உண்டு. வேர்கள் மேல்மண்ணைக் கட்டிப்பிடித்திருக்கின்றன. காட்சிக்காக வெட்டிய மரத்தின் வேர் உடனே போவதில்லை, சில ஆண்டுகளில் மக்கி அந்தப் பிடி விட்டுப்போகும். வீட்டில் குடியேறி அமைதியான பிறகு வரும் மண்சரிவு அது. கிளைகளைக் கழித்துப் பார்வையைத் திறப்பது எப்போதும் முதல் தேர்வாக இருக்கட்டும்.

வேர்க்காப்பு வட்டத்துக்குப் பிரிட்டனின் தரவிதியான பிஎஸ் 5837 தரும் அளவு எளிது: 1.5 மீட்டர் உயரத்தில் அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரம். 400 மிமீ மரத்துக்கு 4.8 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பைல் வந்தே தீர வேண்டுமென்றால், முதல் 600 மிமீயைக் கையால் தோண்டிப் பார்த்து, 25 மிமீக்கு மேல் தடித்த வேர் இருந்தால் பைலைத் தள்ளி வையுங்கள். இயந்திரம் போகும் பாதையில் பலகையோ தரைவிரிப்போ போடாவிட்டால், பைல் காப்பாற்றிய வேர்களைச் சங்கிலிச் சக்கரம் நசுக்கிவிடும்.

துரு

காட்டு மண் இலைமக்கு நிறைந்தது, பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. ஹெலிகல் பைல்களை மதிப்பிடும் அமெரிக்க அளவுகோலான ஏசி358, பி.எச். 5.5க்குக் குறைந்த மண்ணையும், மின்தடை 1,000 ஓம்-சென்டிமீட்டருக்குக் குறைந்த மண்ணையும், கரிமப்பொருள் மிகுந்த மண்ணையும் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. ‘துத்தநாகம் பூசியது, கவலை வேண்டாம்’ என்ற பேச்சு இந்த நிலங்களுக்குத் தானாகப் பொருந்தாது. மண் பரிசோதனையில் இந்த அளவுகளைச் சேர்த்துக் கேளுங்கள். மோசமாக வந்தால் சுவர் தடித்த குழாய், துரு தின்பதற்கென்று கணக்கில் ஒதுக்கிய கூடுதல் தடிமன், அல்லது குழாயைச் சுற்றிக் கிரவுட். தளத்தில் தலையை வெட்டும்போதும் தொப்பியைப் பற்றவைக்கும்போதும் பூச்சு எரிந்துபோகிறது. மண்ணும் காற்றும் சேரும் அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். துத்தநாகச் செறிவுள்ள பூச்சை அன்றே அடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் தீயும்

150 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மிமீ மழை பெய்தால் விநாடிக்கு 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். அதை வீட்டுக்கு அடியில் விட்டால் பைலைச் சுற்றிய மண் ஊறி அரித்துப்போகும். மூடிய குழாயில் சரிவின் அடிவாரத்துக்கோ நிலையான ஓடைக்கோ கொண்டுபோய், குழாய் முடியும் இடத்தில் கல்பரப்பு போட்டு வேகத்தை உடைக்க வேண்டும். ஊறுகுழியைச் சரிவின் மேல்பக்கம் வைக்கவே கூடாது. தரையிலிருந்து வீட்டுக்கு ஏறும் குழாய்களில் வளையும் இணைப்பு வைத்தால் சிறு நகர்வில் உடையாது.

தூண்மேல் வீட்டின் அடிப்பகுதி காட்டுத்தீக்கு வாய். தீ மேல்நோக்கி ஏறும்போது ஒவ்வொரு 10 டிகிரிச் சரிவுக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்புத் துறைகளின் நடைமுறைக் கணக்கு. வீட்டுத் தளத்தின் கீழ்முகத்தை எரியாத பலகையால் மூடி, காற்றுத் திறப்புகளில் 3 மிமீக்கு மேற்படாத உலோக வலை போடுங்கள். விறகையும் பழைய மரத்தையும் அங்கே அடுக்காதீர்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது

மொத்தத் தொகையாக ஒரு வரியில் வரும் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். எதிர்பார்த்த ஆழம், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் கட்டணம், கல்லில் முட்டிய பைலுக்கு யார் பொறுப்பு, இடம் மாற்றினால் பீம் மாற்றத்துக்கு யார் பணம் கொடுப்பது என நான்கும் தனித்தனியாக எழுத்தில் வேண்டும். டார்க் அளக்கும் கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேளுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தை வைத்து ஊகிப்பதைவிட மோட்டாருக்கும் பைலுக்கும் நடுவே பொருத்தும் நேரடி அளவி நம்பகமானது. குறைந்தது ஒரு பைலுக்காவது அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி1143 முறையில் அமுக்கச் சோதனை, நங்கூரங்களுக்கு டி3689 இழுவிசைச் சோதனை, பக்கவாட்டுப் பாரம் பைலின் மேலேயே வந்தால் டி3966 ஆகியவற்றை விலைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து இயந்திரம் இறங்குவதற்கு முன், ஒவ்வொரு பைலுக்கும் எண், 300 மிமீக்கு ஒருமுறை எடுத்த டார்க், இறுதி ஆழம், சாய்வு, திட்டமிட்ட இடத்திலிருந்து விலகல் எல்லாம் அடங்கிய பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையை, உங்கள் பொறியாளர் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகு கொடுத்தால் போதும்.